தன் சாவும் பிறர் சாவும்

கேள்வி இது: "துன்பத்தையும் சாவையும் இலக்கியம் எப்படிக் காட்டுகிறது? பெரும்பாலான படைப்புகளில் கடைசியில் எல்லாரும் சாவை ஏற்றுக்கொண்டு அமைதியாகிவிடுகிறார்கள். இது மனிதர்களிடம் உண்மையிலேயே நடப்பதா, இல்லை எழுத்தாளர் வாசகருக்குச் சொல்லும் சமாதானமா? தொடங்குவதற்கு எதைப் படிக்கலாம்?"

எதைப் படிக்கலாம் என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் அவிழ்க்க வேண்டிய முடிச்சு ஒன்று கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 'சாவை ஏற்பது' என்ற ஒரே தொடரில் இரண்டு தனித்தனிக் காரியங்களைக் கட்டிவிட்டீர்கள். ஒருவர் தன் சாவை ஏற்பது ஒன்று. தனக்கு வேண்டியவரின் சாவை ஏற்பது மற்றொன்று. நான் படித்த வரையில், நல்ல படைப்புகள் முதலாவதைத் தாராளமாகக் கொடுக்கின்றன. இரண்டாவது என்று வந்தால் பெரும்பாலும் கையை விரித்துவிடுகின்றன. அமைதியான முடிவுகள் என்று நீங்கள் நினைவில் வைத்திருக்கும் கதைகளைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். அமைதி அடைந்தவர் அநேகமாகச் செத்தவராகத்தான் இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன ஆனார் என்று கதை சொல்லியிருக்காது.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் தெரிந்ததில்லை. என் தந்தை இறந்த வாரத்தில் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், கணியன் பூங்குன்றனாரின் 'சாதலும் புதுவது அன்றே' என்ற அடியை என்னிடம் சொன்னார். எனக்கு மனப்பாடமான பாட்டு. நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. பிறகு ஆறி அமர்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது, அடியில் ஒரு குறையும் இல்லை, அது சொல்லப்பட்ட திசைதான் தவறு. புறநானூற்றின் 192ஆம் பாட்டை மறுபடி படியுங்கள். 'மகிழ்ந்தன்றும் இலமே', 'தெளிந்தனம்', 'வியத்தலும் இலமே' என்று வினைகள் தன்மைப் பன்மையில் வருகின்றன. 'நாங்கள் இப்படித் தெளிந்தோம்' என்கிறார் புலவர். 'நீ தெளிந்துகொள்' என்று எங்கும் சொல்லவில்லை. பேராற்று நீரின் வழியே போகும் தெப்பம் என்று அவர் சொல்வது தன் உயிரை. அந்த உவமையை எடுத்துக்கொண்டுபோய், கரையில் நின்று அழுகிறவரிடம் நீட்டும்போது அது வேறு பாட்டாகிவிடுகிறது.

தன் சாவு பற்றி முதலில் சொல்கிறேன்.

இதில் டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' போல எதையும் நான் படித்ததில்லை. 1886இல் வந்த குறுநாவல். இவான் இலியிச் ஒரு நீதிபதி. புது வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டும்போது ஏணியிலிருந்து வழுக்கி விலாவில் இடித்துக்கொள்கிறார். அந்தச் சின்ன அடியில் தொடங்கும் வலி அவரைக் கொண்டுபோகிறது. 'மனிதர்கள் எல்லாரும் இறப்பார்கள், காயஸ் மனிதன், ஆகவே காயஸ் இறப்பான்' என்று சிறுவயதில் தருக்கப் பாடத்தில் படித்தது அவருக்கு நினைவு வருகிறது. காயஸுக்கு அது சரிதான். ஆனால் வரிபோட்ட தோல்பந்தின் மணம் காயஸுக்குத் தெரியுமா? அந்த மணத்தை அறிந்த சிறுவன் எப்படிச் சாக முடியும்? தன் சாவை நம்ப முடியாத மனநிலையை இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. மகாபாரதத்தில் யட்சன் கேட்கும் 'எது பெரிய வியப்பு?' என்பதற்குத் தருமனின் விடையும் இதே இடத்தைத்தான் தொடுகிறது: நாள்தோறும் உயிர்கள் யமன் வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே, மிஞ்சியிருப்பவர்கள் தாங்கள் நிலையாக இருப்போம் என்று எண்ணுகிறார்கள். தருமனிடம் அது ஒரு கூர்மையான வாக்கியம். டால்ஸ்டாயிடம் அது ஒரு பந்து.

இவான் இலியிச்சை மிகவும் வதைப்பது வலியை விடப் பொய். மனைவி, டாக்டர், நண்பர்கள் எல்லாரும் அவருக்கு ஏதோ நோய், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நடிக்கிறார்கள். நடிக்காதவன் கெராசிம் ஒருவன்தான். வீட்டு வேலைக்கு இருக்கும் குடியானவப் பையன். நோயாளியின் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான், ஏனென்றால் அப்படி வைத்தால் அவருக்கு வலி குறைகிறது. எல்லாரும் ஒருநாள் சாகத்தானே வேண்டும், கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன, என்பது அவன் எண்ணம். துன்பப்படுகிறவருக்கு என்ன செய்யலாம் என்பதற்கு உலக இலக்கியத்தில் இதைவிட எளிய விடையை நான் பார்க்கவில்லை.

கடைசியில் அமைதி வருகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் மூன்று நாள் இடைவிடாத ஓலம். அந்த ஓலத்தைத் தாண்டித்தான் அந்த அமைதிக்குப் போக முடியும் என்பதால்தான் அதை நம்ப முடிகிறது. இறக்கும் நேரத்தில் மனைவியிடம் 'மன்னித்துவிடு' என்று சொல்ல நினைக்கிறார். நாக்கு குழறி, ருஷ்ய மொழியில் ஒலியால் நெருங்கிய வேறொரு சொல் வந்துவிடுகிறது: 'வழிவிடு'. திருத்திச் சொல்ல வலுவில்லாமல், புரிய வேண்டியவருக்குப் புரியும் என்று விட்டுவிடுகிறார். சாவை ஏற்ற ஒருவர் கடைசியில் பேசியது நாக்குத் தவறி வந்த ஒரு சொல். அழகான கடைசி வார்த்தைகளைப் பேசிவிட்டுச் சாகும் பாத்திரங்களை அதற்குப் பிறகு என்னால் நம்ப முடிந்ததில்லை.

கம்பனின் கும்பகருணன் வேறு வகை. போர்க்களத்தில் அவனிடம் வீடணன் வருகிறான், இராமன் பக்கம் வந்துவிடு என்று அழைக்க. அண்ணன் செய்தது தவறு, இந்தப் போரில் தனக்குச் சாவு உறுதி, இரண்டும் கும்பகருணனுக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறான்: 'நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்.' நீரில் வரைந்த கோலம் போன்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு, வளர்த்தவனுக்கு உயிர் கொடுக்காமல் போகமாட்டேன். வாழ்வு நிலையாதது என்ற அறிவும் நன்றிக்கடனும் சேர்ந்து அவனைச் சாவை நோக்கி நடக்க வைக்கின்றன. அழுகிற தம்பிக்கு அவன்தான் ஆறுதல் சொல்கிறான்.

இங்கே நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல தத்துவக் காட்சி, அவ்வளவுதான். கம்பன் நிறுத்தவில்லை. போரில் மூக்கும் காதும் கைகால்களும் இழந்து கிடக்கும்போது அதே கும்பகருணன் இராமனிடம் இரண்டு வேண்டுகிறான். ஒன்று, வீடணனைக் காப்பாற்று. இன்னொன்று, 'மூக்கிலா முகம் என்று' முனிவரும் தேவரும் பார்க்கக் கூடாது, என் தலையை அறுத்துக் கடலில் போட்டுவிடு. சாவை ஏற்றவனுக்கும் கூச்சம் இருக்கிறது. உயிர் போவது பற்றிக் கவலைப்படாதவன், முகம் பார்க்கப்படுவது பற்றிக் கவலைப்படுகிறான். நோயால் உருக்குலைந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

தன் சாவைப் பார்ப்பதற்கு இன்னொரு வழியைக் குண்டலகேசி காட்டுகிறது. அந்தக் காப்பியம் முழுதாகக் கிடைக்கவில்லை, மிஞ்சியிருக்கும் சில பாடல்களில் ஒன்று இது: 'பாளையாம் தன்மை செத்தும், பாலனாம் தன்மை செத்தும், காளையாம் தன்மை செத்தும்' என்று அடுக்கிக்கொண்டே போய், 'நாளும் நாள் சாகின்றாமால், நமக்கு நாம் அழாதது என்னோ' என்று கேட்கிறது. குழந்தையாக இருந்த நான் செத்துவிட்டேன், இளைஞனாக இருந்த நான் செத்துவிட்டேன், அதற்கெல்லாம் நான் அழவில்லையே. சாவைத் தவணையாகப் பிரித்துவிடும் பாட்டு. எனக்கு வயது ஏற ஏற இது பிடிக்கிறது. ஆனால் கவனியுங்கள், 'நமக்கு நாம்' என்றுதான் இதிலும் வருகிறது.

தன் சாவிலும் எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹோமரின் கிரேக்கக் காப்பியமான இலியத்தில் வீரன் அகிலிஸ், நீண்ட வாழ்வை விட்டுப் புகழோடு கூடிய குறுகிய வாழ்வைத் தெரிந்தே எடுத்துக்கொள்கிறான். ஹோமரின் இன்னொரு காப்பியமான ஒதிசியில் அவன் ஆவியாக வந்து பேசும்போது, செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஓர் ஏழையிடம் கூலிக்கு வேலை செய்யவே விரும்புவேன் என்கிறான். ஒரு காப்பியத்தில் கொடுத்த ஒப்புதலை இன்னொரு காப்பியத்தில் திரும்ப வாங்கிக்கொண்டாயிற்று.

இனி இரண்டாவது. இங்கேதான் விஷயம் கனக்கிறது.

புறநானூறு 245. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற அரசன் மனைவி இறந்தபோது பாடியது. 'யாங்குப் பெரிதாயினும் நோயளவு எனைத்தே, உயிர்செகுக் கல்லா மதுகைத்து அன்மையின்' என்று தொடங்குகிறது. என் துயரம் எவ்வளவு பெரியதானால்தான் என்ன, என் உயிரைக் கொல்லும் வலு அதற்கு இல்லையே. கள்ளி வளர்ந்த களரில் விறகடுக்கின் மேல் அவளைக் கிடத்தியாயிற்று, அவள் மாய்ந்துவிட்டாள். 'இன்னும் வாழ்வல், என் இதன் பண்பே!' நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன், இது என்ன தன்மை?

எட்டே அடிகூட இல்லை. அதற்குள் அவன் பிடித்துக்கொண்டது, துக்கத்தின் மிகவும் வெட்கமான பகுதியை. துக்கம் நம்மைக் கொல்வதில்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, மறுநாள் விடிகிறது. தன் துக்கம் போதாது என்று தன்மேலேயே வரும் கோபம் அது. அவளை இழந்ததை அவன் ஏற்றுக்கொண்டதாக இந்தப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. தான் உயிரோடு இருப்பதையே அவனால் ஏற்க முடியவில்லை.

அடுத்து பட்டினத்தார். என் கட்சிக்கு இவரைவிட நல்ல சாட்சி கிடையாது. 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்பதை ஏற்றுத் துறந்தவர். உடம்பை இழித்துப் பாடியவர், சொந்தச் சாவைப் பற்றி அவருக்கு ஒரு கலக்கமும் கிடையாது. அப்படிப்பட்டவர் தாயின் உடலுக்குத் தீ வைக்க நிற்கும்போது வருகிறது பாட்டு:

'வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும்
கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து, முட்டச்
சிறகிலிட்டுக் காப்பாற்றிச் சீராட்டும் தாய்க்கோ
விறகிலிட்டுத் தீமூட்டு வேன்.'

உடம்பு பொய் என்று பாடிய வாய், அந்தத் தாயுடம்பின் ஒவ்வோர் இடத்தையும் எண்ணுகிறது: மார்பு, தோள், இன்னொரு பாட்டில் அடிவயிறு. தாய்க்காகப் பாடிய அந்தத் தொகுதியின் கடைசிப் பாட்டில் 'எல்லாம் சிவமயம்' என்று வந்து சேர்கிறார், அதை மறைக்கவில்லை. ஆனால் அதே பாட்டில்தான் 'நேற்று இருந்தாள், இன்று வெந்து நீறானாள்' என்ற அடியும் இருக்கிறது. சிவமயம் நீற்றை அழித்துவிடவில்லை, இரண்டும் ஒரே வெண்பாவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸாவின் மகள் 1819இல் அம்மையில் இறந்தாள். ஒரு வயதுக் குழந்தை. இஸ்ஸா பௌத்தர், உலகம் பனித்துளி என்பது அவர் மரபு கற்றுக்கொடுத்த பாடம். அவர் எழுதிய ஹைக்கூவின் பொருளை இப்படிச் சொல்லலாம்: இந்தப் பனித்துளி உலகம் பனித்துளி உலகம்தான். ஆனாலும், ஆனாலும். முதல் பாதியில் ஒரு மதத்தின் தத்துவம் முழுக்க இருக்கிறது, அதை அவர் மறுக்கவில்லை. இரண்டாம் பாதியில் வாக்கியமே முடியவில்லை. 'ஆனாலும்' என்பதற்குப் பின் என்ன சொல்ல வந்தார் என்று யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மணிமேகலையில் ஓர் இடம் உண்டு, பலர் அதைக் கல்நெஞ்சம் என்பார்கள். மகன் உதயகுமரனை இழந்த அரசியிடம் மணிமேகலை கேட்கிறாள்: 'உடற்கு அழுதனையோ, உயிர்க்கு அழுதனையோ?' உடலுக்கு என்றால், அதைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் இட்டது யார்? உயிருக்கு என்றால், அது எங்கே போய்ப் புகுந்தது என்று அறிய முடியாது. அந்த உயிரிடம் அன்பு என்றால் எல்லா உயிருக்கும் இரங்க வேண்டும். வாதத்தில் ஓட்டை இல்லை. நானும் ஒரு காலத்தில் இந்த இடத்தை வெறுத்தேன். ஆனால் இரண்டு காதைகள் பின்னால் போய்ப் பாருங்கள். உதயகுமரன் வெட்டுண்டு கிடப்பதைக் கண்டு முதலில் கதறியவள் இதே மணிமேகலைதான். முற்பிறப்பில் அவன் தன் கணவன் என்று அவளுக்குத் தெரியும், 'காதல!' என்று அரற்றிக்கொண்டு அவன் உடலருகே போகிறாள். தூணில் இருக்கும் பாவை 'செல்லல், செல்லல்' என்று தடுக்கிறது. ஆக, உடலுக்கா உயிருக்கா என்று கேட்பவள் அழாதவள் இல்லை, அழுகையிலிருந்து தடுத்து நிறுத்தப்பட்டவள். சாத்தனார் இதைத் தெரிந்தே இந்த வரிசையில் வைத்திருக்கிறார் என்பது என் எண்ணம். அந்தக் கேள்வியை அவள் அரசியிடம் மட்டும் கேட்கவில்லை.

பௌத்த மரபின் கிசா கௌதமி கதையும் இப்படித்தான். இறந்த குழந்தைக்கு மருந்து கேட்டு வருகிறவளிடம், சாவு நேராத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்கிறார் புத்தர். விடையை அவர் அங்கேயே சொல்லியிருக்கலாம், அவள் வீடு வீடாக நடந்திருக்க வேண்டியதில்லை. கதையே அந்த நடையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் இன்னொருவரின் இழவைக் காதால் கேட்கிறாள்.

விவிலியத்தில் வரும் யோபுவின் கதையில் எனக்கு எப்போதும் உறுத்தும் ஒன்று உண்டு. ஏழு மகன்களும் மூன்று மகள்களும் இறந்துபோகிறார்கள். கடைசியில் கடவுள் யோபுவுக்கு எல்லாம் திருப்பித் தருகிறார். ஏழாயிரம் ஆடுகள் இருந்த இடத்தில் பதினாலாயிரம். பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை, மறுபடி ஏழு மகன்கள், மூன்று மகள்கள். கணக்கு நேராகிவிட்டது என்று படித்துவிட்டுப் போகலாம். ஆனால் இறந்த பத்துப் பேர் வந்துவிட்டார்களா? நூல் வாய் திறப்பதில்லை. அதே நூலில் ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததிலேயே சரியான காரியம் அதுதான். எட்டாவது நாள் முதல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், கெட்டது.

பழைய மெசபடோமியக் காப்பியத்தின் நாயகன் கில்கமேஷும் அப்படியே. நண்பன் என்கிடுவின் உடலை ஆறு பகல் ஏழு இரவு விடாமல் வைத்து அழுகிறான், மூக்கிலிருந்து புழு விழும் வரை. அதன் பிறகு அவன் உலகத்தின் எல்லை வரை அலைவதற்குக் காரணம் நட்பா, தன் சாவு பற்றிய அச்சமா என்று பிரிக்க முடியாதபடி காப்பியம் நகர்கிறது. இளமை தரும் செடியைப் பாம்பு கொண்டுபோய்விடுகிறது. வெறுங்கையோடு திரும்பி, தன் நகரத்தின் மதிலைப் படகோட்டிக்குக் காட்டுகிறான். தன் சாவை ஏற்றுக்கொண்டான் என்று சொல்லலாம். என்கிடுவின் சாவை? காப்பியம் எழுதப்பட்ட களிமண் பலகைகளில் பதினோராவதின் முடிவில் அந்தப் பெயரே இல்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காமுவின் 'கொள்ளைநோய்' (1947) நாவலில் இந்த மறுப்பு வாய்விட்டே வருகிறது. நீதிபதியின் சின்ன மகன் துடித்துச் சாவதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பாதிரியார், நமக்குப் புரியாததையும் நாம் நேசிக்க வேண்டுமோ என்கிறார். டாக்டர் ரியூ ஒப்பவில்லை. குழந்தைகள் வதைபடும் படைப்பைச் சாகும் வரை நேசிக்க மாட்டேன் என்கிறார். சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்.

இந்த இடத்தில் 'ஐந்து நிலைகள்' பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கதைகளைப் படிக்கும்போது பலர் அதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலில் அவர் முதன்மையாகப் பேசியது சாகப்போகும் நோயாளிகளைப் பற்றி. பிறகு அது இழந்து நிற்பவர்களின் ஏணியாகவும் பரவிவிட்டது. நான் மேலே சொன்ன அதே குழப்பம்.

துன்பம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சாவையும் துன்பத்தையும் ஒரே மூச்சில் ஏற்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுத்தப்படுதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து தளர்தல், இல்லாமை. சாவு அதில் ஒன்றுக்குள் மட்டும் அடங்குகிறது. மற்றவை மனிதர் மனிதருக்குச் செய்வது, அல்லது மனிதர் நீக்கக்கூடியது. அவற்றை ஏற்றுக்கொள்ளும்படி இலக்கியம் நம்மைக் கேட்கும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டு அடுப்பைச் சொல்கிறார். சமைத்து வெகுநாளானதால் காளான் பூத்த அடுப்பு. பாலில்லாத முலையைச் சுவைக்கும்போதெல்லாம் குழந்தை அழுகிறது, தாய் கண்ணீரோடு அதன் முகம் பார்க்கிறாள், அவள் துயரைப் பார்த்து நான் உன்னிடம் வந்தேன் என்று குமணனிடம் சொல்கிறார். பார்வைகளின் சங்கிலி அது, வள்ளலிடம் போய் முடிகிறது. 'விதி' என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. வள்ளுவர் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, 'நெருநல் உளனொருவன் இன்றில்லை' என்பதை உலகத்தின் பெருமை என்றே கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அதே வள்ளுவர் பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டும் என்றால் 'பரந்து கெடுக உலகியற்றி யான்' என்கிறார். சாவுக்குத் தலை வணங்கியவர் பசிக்குப் படைத்தவனையே சபிக்கிறார். சரியான இடத்தில் சரியான கோபம்.

துன்பத்தைக் காட்டும் தொழில்நுட்பத்தில் எனக்குப் பிடித்த எழுத்தாளர்கள் எல்லாரும் ஒரு காரியம் செய்கிறார்கள். துன்பத்தை நேராகப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் ஒன்றைப் பார்க்கிறார்கள். பாரியை இழந்த மகளிர் நிலவைப் பார்க்கிறார்கள். அன்றைக்கும் இதே வெண்ணிலவு, எங்கள் தந்தை இருந்தார். இன்றைக்கும் இதே வெண்ணிலவு. 'யாம் எந்தையும் இலமே' என்று முடிகிறது, ஒரு கண்ணீர்த்துளி கிடையாது. சாத்தன் என்ற வீரன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் ஒரு கொடியோடு சண்டைக்குப் போகிறார்: இளையவர் சூடமாட்டார்கள், பெண்கள் கொய்யமாட்டார்கள், பாணனும் பாடினியும் அணியமாட்டார்கள், அவன் மாய்ந்த பிறகும் 'முல்லையும் பூத்தியோ?' பூத்ததுதான் குற்றம். உலகம் நின்றுபோகவில்லை என்ற அதிர்ச்சி, பூவின் தலையில் விழுகிறது.

செகாவின் 'துயரம்' கதை, அதுவும் 1886தான், வேறு விதமாக ஒதுங்குகிறது. அயோனா என்ற வண்டிக்காரனின் மகன் அந்த வாரம் இறந்துவிட்டான். வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லப் பார்க்கிறான், யாரும் கேட்பதில்லை. எப்படி நோய் வந்தது, சாவதற்கு முன் என்ன சொன்னான், எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்ல வேண்டும் அவனுக்கு. கடைசியில் லாயத்தில் தன் குதிரையிடம் சொல்கிறான். அதோடு கதை முடிகிறது. மகன் செத்த துயரத்தை எழுதியதுபோலத் தோன்றும், ஆனால் கதை நெடுக நாம் பார்ப்பது கேட்க ஆளில்லாத துயரத்தை. அயோனா ஏற்றுக்கொண்டானா என்று கேட்டால் சிரிப்பாக இருக்கும். அவன் இன்னும் முழுதாகச் சொல்லியே முடிக்கவில்லை.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' முதல் வாக்கியத்திலேயே சாவைச் சொல்லிவிடுகிறது. மூச்சு ஒடுங்கியது, நாடி அடங்கியது, செல்லம்மாள் 'பெயரற்ற வெற்றுடம்பு ஆனாள்.' திருமூலரின் 'பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு' என்ற அடி அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. டால்ஸ்டாயும் சாவுச் செய்தியில்தான் தொடங்குகிறார். பிழைப்பாரா மாட்டாரா என்ற பதைப்பை ஆரம்பத்திலேயே பிடுங்கிவிட்டால், எப்படி வாழ்ந்தார், யார் பக்கத்தில் இருந்தார் என்பதைத் தவிரப் பார்ப்பதற்கு வேறு எதுவும் மிஞ்சாது. திருமூலர் அந்தப் பாட்டை 'நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே' என்று முடிக்கிறார். ஊர் மறப்பதைப் பற்றிய ஏளனம் அது. புதுமைப்பித்தன் ஊர் இல்லாத இடத்தில், பட்டணத்துத் தனிமையில், கணவர் ஒருவரை மட்டும் அந்த உடம்போடு உட்கார வைக்கிறார். அங்கே முழுகி எழுந்து மறப்பதற்கும் ஆளில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது. புறநானூற்றின் 242 முதல் 256 வரையுள்ள பாடல்களை, நல்ல உரையோடு, ஒரே அமர்வில் படியுங்கள். மேலே சொன்ன முல்லையும் சேரமானும் அதில் இருக்கிறார்கள். முழுவதும் முடியாது என்றால் கடைசி இரண்டை மட்டும் படியுங்கள், ஆனால் வரிசையை மாற்றி, 256ஐ முதலில்.

அதில் ஒரு பெண் குயவரிடம் பேசுகிறாள். அவள் கணவன் இறந்துவிட்டான், ஈமத்தாழி வனைய வேண்டும். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சிறிய வெள்ளைப் பல்லியைப் போல அவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள் நான், எனக்கும் அருள்செய்து அந்தத் தாழியைக் கொஞ்சம் அகலமாக வனை என்கிறாள். தன் சாவை அவள் எவ்வளவு சாதாரணமாக ஏற்றுக்கொண்டாள் பாருங்கள், பானையின் அளவு பற்றிய பேச்சு அது. அவன் இல்லாமல் இருப்பதை மட்டும் ஏற்கவில்லை.

பிறகு 255, வன்பரணர் பாடியது. காட்டில் கணவன் விழுந்து கிடக்கிறான். 'ஐயோ' என்று கத்தினால் புலி வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அணைத்துத் தூக்கலாம் என்றால் அவன் அகன்ற மார்பு அவளால் தூக்க முடியாத பாரம். உன்னை இப்படிச் செய்த அறமில்லாத கூற்றுவன் என்னைப் போலவே நடுங்கட்டும் என்று சபிக்கிறாள். சபித்துவிட்டு அவனிடம் திரும்பி, என் வளையணிந்த முன்கையைப் பிடித்துக்கொள், அந்த மலை நிழலுக்குப் போய்விடலாம், கொஞ்சம் நட என்கிறாள்: 'வரைநிழல் சேர்கம், நடத்திசின் சிறிதே.'